எல்.கே.ஜி. டீச்சர் யாரும் நிலைத்து நிற்பதில்லை, என்ன செய்யலாம்?

கவுண்டன்யா கரை (குடியாத்தம் பக்கம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் சின்ன நர்சரி பிரைமரி பள்ளி நடத்துகிறோம். என் மாமனார் ஆரம்பித்தது. அவர் காலமான பிறகு ஆறு வருஷமாக நான்தான் தாளாளர், நான்தான் அலுவலகம், பெருக்க ஆள் வராத நாளில் பெருக்குவதும் நான்தான். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை 140 பிள்ளைகள். பீடி சுற்றுகிற வீடுகள், தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகள், ஷூ கம்பெனிக்குப் போகிற வீடுகள். ஃபீஸை மூன்று தவணையில் வாங்குகிறோம். மூன்றாவது தவணை பாதிப் பேரிடம் ஏப்ரலில்தான் வரும்.

மூன்று வருஷத்தில் எல்.கே.ஜி. வகுப்புக்கு மட்டும் ஐந்து டீச்சர் மாறிவிட்டார்கள். கடைசியாக இருந்தவர் தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று வரவில்லை. போன் செய்தேன். "சாரி மேடம், ஆம்பூர்ல கம்பெனில சேர்ந்துட்டேன்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. நல்ல பெண். ஒன்றரை வருஷம் இருந்தார், எங்களிடம் அதுதான் அதிகம். நான் கொடுத்தது மாதம் 8,500. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் எங்கள் பள்ளி வாசலிலேயே நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. அந்தப் பஸ்ஸோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

புது டீச்சர் ஒருவரைப் பத்து நாளில் பிடித்துவிட்டேன். பி.ஏ. தமிழ், பொறுமையானவர். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பையன் விஷயம். நான்கு வயது. மதியச் சாப்பாட்டு டப்பா தொடர்ந்து நான்கு நாள் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. புது டீச்சர் ஊட்டிப் பார்த்திருக்கிறார், மிரட்டிப் பார்த்திருக்கிறார், கதை சொல்லிப் பார்த்திருக்கிறார். வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அவன் அம்மா வந்தார். பீடி இலை நறுக்கிய கை, நகம் எல்லாம் பழுப்பு. "அந்த மிஸ் டப்பா மூடியில கொஞ்சம் கொஞ்சமா போட்டு வெப்பாங்க மிஸ். டப்பாவோட குடுத்தா நிறையா கீதுன்னு பயந்துக்குவான்" என்றார்.

மூடியில் இரண்டு கவளம் போட்டு வைத்தோம். சாப்பிட்டுவிட்டு மூடியை நீட்டினான். இன்னும் இரண்டு கவளம். டப்பா காலி.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு டீச்சர் போனால் ஒரு ஆளுக்குப் பதில் இன்னொரு ஆள் என்றுதான் இத்தனை வருஷமும் கணக்குப் போட்டிருந்தேன். அந்த டீச்சர் போகும்போது இந்த மாதிரி 24 பிள்ளைகளின் மூடிக் கணக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. அவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லி நானும் கேட்டதில்லை.

என் கேள்வி இதுதான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சரைத் தக்க வைப்பது பற்றி யாராவது முறையாக ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா? செய்திருந்தால் எங்களைப் போல் கையில் காசில்லாத பள்ளிக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? "சம்பளத்தைக் கூட்டுங்கள்" என்ற ஒரே வரியோடு போய்விடாதீர்கள். கூட்ட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அரசாங்கச் சம்பளம் என்னால் தர முடியாது. முடிந்ததற்குள் எதை முதலில் செய்யலாம் என்று சொல்லுங்கள்.

முன்னாள் மிஸ் (ஆம்பூர்) எழுதியது:

அக்கா, நான் உங்கள் பள்ளியில் இருந்தவள் இல்லை. ஆனால் அந்த டீச்சர் மாதிரியே போனவள். நான்கு வருஷம் ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. எடுத்தேன், இப்போது ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். உங்கள் பதிவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அந்த மூடிக் கதை என்னைப் பழைய வகுப்பறைக்கே கொண்டு போய்விட்டது. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. இடது பக்கம் உட்கார்ந்தால்தான் பேசும், வலது பக்கம் உட்கார வைத்தால் அன்றைக்கு முழுக்க ஊமை. ஏன் என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. எனக்குப் பிறகு வந்தவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நான் ஏன் போனேன் என்று நேராகவே சொல்கிறேன். சம்பளம் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் நான்கு வருஷமும் அதே சம்பளத்தில்தான் இருந்தேன், போக நினைத்தது கடைசி ஆறு மாதத்தில்தான்.

முதல் விஷயம், தனியாக 42 பிள்ளைகள். ஆயா கிடையாது. ஒரு பிள்ளை உடுப்பில் போய்விட்டால் அதைக் கழுவிவிட நான் வெளியே போக வேண்டும். மீதி 41 பிள்ளைகளை யார் பார்ப்பது? பக்கத்து வகுப்பு மிஸ் வாசலில் நின்று இரண்டு வகுப்பையும் பார்ப்பார். காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் வரை நான் பாத்ரூம் போக முடியாது. தண்ணீரைக் குறைத்தேன். இரண்டாவது வருஷம் யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தது, மூன்றாவது வருஷமும் வந்தது. இதை எந்தத் தாளாளரிடம் வாய்விட்டுச் சொல்வது?

அப்புறம் மே மாதம். ஏப்ரல் பாதியோடு சம்பளம் நின்றுவிடும். மே மாதம் சம்பளம் இல்லை, ஆனால் அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு டீச்சருக்கு இத்தனை பிள்ளை பிடித்து வர வேண்டும் என்று கணக்கு. அக்னி நட்சத்திர வெயிலில் நோட்டீஸை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நின்றிருக்கிறேன். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், அது மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது.

கடைசியாக நடந்ததுதான் என்னை வெளியே தள்ளியது. வகுப்பைப் பார்வையிட வந்தவர்கள் (யார் என்பது வேண்டாம்) பிள்ளைகள் முன்னாலேயே நோட்டைத் தூக்கிக் காட்டி, "இதான் நீ சொல்லிக் குடுக்கிற லட்சணமா?" என்றார்கள். மூன்றரை வயசுப் பிள்ளை 'அ' சுழித்து எழுதவில்லையாம். களிமண்ணில் உருட்டி, மணலில் விரலால் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள், அடுத்த வருஷம் தானாக எழுதியிருப்பார்கள். அதைச் சொல்ல எனக்கு நேரம் தரவில்லை. அவர்கள் போன பிறகு ஒரு பையன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், அவங்க உங்களை அடிப்பாங்களா?" என்று கேட்டான். அடுத்த மாதமே ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதினேன், அப்போது எங்கள் பிரிவுக்கு 82 வேண்டும், நான் 79. அதனால் அரசுப் பள்ளி இல்லை. கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை அதில்தான் ஓடுகிறது. ஒன்றாம் தேதியோ ஏழாம் தேதியோ, சொன்ன தேதியில் சம்பளம் வருகிறது. உங்களிடம் முடிந்தால் இவ்வளவு செய்யுங்கள் அக்கா. ஒரு ஆயா வையுங்கள். சம்பளத் தேதியை மாற்றாதீர்கள். மே மாதத்துக்குப் பாதிச் சம்பளமாவது கொடுங்கள். பிள்ளைகள் முன்னால் டீச்சரைப் பேச விடாதீர்கள், பெற்றோராக இருந்தாலும் சரி. எனக்கு இந்த நான்கும் கிடைத்திருந்தால் 8,500க்கே இருந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது. இன்னும் இரண்டு வருஷம் கண்டிப்பாக இருந்திருப்பேன்.

யு.கே.ஜி. அப்பா (சத்துவாச்சாரி) எழுதியது:

எல்லாம் சரி மேடம். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். வருஷத்துக்கு 14,000 கட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ முதல் இசட் வரை எழுதுகிறது, என் பிள்ளை களிமண்ணில் பாம்பு செய்து கொண்டு வருகிறது. நோட்டைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்துப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள் என்று நான் தெரிந்துகொள்வது? டீச்சர்களை மதிக்கிறேன், சண்டைக்கு வரவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

எம்.எட். காட்பாடி எழுதியது:

சத்துவாச்சாரி சாருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வீட்டில் வந்து என்ன பேசுகிறது என்று பாருங்கள் சார். புதுச் சொல் வருகிறதா, பாட்டுப் பாடுகிறதா, "நானே போட்டுக்கிறேன்" என்று பொத்தானைத் தானே போடப் பார்க்கிறதா, இன்னொரு பிள்ளைக்கு முறை விட்டு நிற்கிறதா? நான்கு வயதில் அதுதான் நோட்டு. களிமண் உருட்டுகிற விரல்தான் பிறகு பென்சில் பிடிக்கிறது. நம் அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'.

இனி கேள்வி கேட்ட மேடத்துக்கு. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் படித்திருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற ஆராய்ச்சி அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் 2019இல் நடந்தது. சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற மையங்களின் ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு "எட்டு மாதம் இதே இடத்தில் இருந்தால் மொத்தம் 1,500 டாலர்" என்றார்கள். தனியார் குழந்தைக் காப்பகங்களில் அந்தத் தொகை இல்லாத இடத்தில் 30 சதவீதம் பேர் விட்டுப் போனார்கள், தொகை கிடைத்த இடத்தில் 15 சதவீதம். சரிபாதி. அங்கேயும் இந்த வேலைக்குச் சம்பளம் குறைவு, கடை வேலைக்குப் போனால் கூடக் கிடைக்கும். உங்கள் வாசலில் நிற்கிற பஸ் அங்கேயும் நிற்கிறது. மொத்தச் சம்பளத்தோடு பார்த்தால் அது பெரிய தொகை கிடையாது. ஆனால் "நீ இருப்பதை நாங்கள் கவனிக்கிறோம்" என்று தேதி போட்டுச் சொன்ன தொகை. பொங்கலுக்கு ஒரு பங்கு, பள்ளி மூடும்போது ஒரு பங்கு என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு பலன் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பணத்தால் எல்லாம் நடக்காது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. இந்தோனேசியாவில் அரசு ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை இரண்டு மடங்காக்கினார்கள். 360 பள்ளிகளில் சோதித்துப் பார்த்த முடிவு 2018இல் வெளிவந்தது. ஆசிரியர்களின் கடன் கவலை குறைந்தது, மனநிறைவு கூடியது, கூடவே இன்னொரு வேலையும் பார்ப்பது குறைந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்ணில் மட்டும் மாற்றம் இல்லை. பணம் ஆளை நிறுத்தும். நின்ற ஆள் நன்றாகச் சொல்லித்தர வேறு சில வேண்டும்.

அந்த வேறு சிலவற்றில் ஒன்றை ஆம்பூர் அக்காவே சொல்லிவிட்டார், ஆயா. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய ஆதாரம் இருக்கிறது. 640 அங்கன்வாடிகளை எடுத்து, அதில் பாதி இடங்களில் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டுப் பார்த்தார்கள். அவருக்குப் பாடம் மட்டும்தான் வேலை. பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிற நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. ஏற்கெனவே இருந்த பணியாளருக்குக் கை ஓய்ந்ததால் அவர் சத்துணவு, எடை, வீடு பார்ப்பது ஆகியவற்றில் கூடுதல் நேரம் செலவிட்டார், தொடர்ந்து வந்த பிள்ளைகளிடம் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. இதை முரளிதரன், கணிமியன், வால்டர்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் செய்தார்கள். கூடுதல் ஆளுக்குப் பெரிய படிப்போ பெரிய சம்பளமோ கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. 'பெரி' பாலர் பள்ளி என்று ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1962 முதல் 1967 வரை மிச்சிகனில் நடந்தது. மொத்தம் 123 பிள்ளைகள், அதில் 58 பேர் பாலர் பள்ளிக்குப் போனார்கள், 65 பேர் போகவில்லை. 40 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். போனவர்களுக்கு நல்ல வேலை கிடைத்தது, சம்பளம் கூடியது, சிறைக்குப் போவது குறைந்தது. நோபல் பரிசு பெற்ற ஹெக்மன், இதில் போட்ட பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை திரும்பி வருகிறது என்று கணக்கிட்டார். இதை நோட்டீஸில் போடும் பள்ளிகள் அந்த ஆசிரியர்களைப் பற்றிச் சொல்வதில்லை. அவர்கள் எல்லோரும் முழுத் தகுதி பெற்றவர்கள். அரசுப் பள்ளிச் சம்பளமும் அதற்கு மேல் 10 சதவீதமும் வாங்கினார்கள். ஒருவருக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள். இதற்கு நேர் எதிராக டென்னசி மாநிலத்தில் அரசே நடத்திய பாலர் வகுப்பில் 2,990 பிள்ளைகளைத் தொடர்ந்தபோது, 2022இல் வந்த முடிவில், ஆறாம் வகுப்புக்கு வரும்போது போனவர்கள் போகாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஆக, வகுப்பு திறந்தால் போதும் என்பது இல்லை. அந்த வகுப்பில் யார் நிற்கிறார், எத்தனை நாள் நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாறிக்கொண்டே இருந்தால் பாதிப்பு உண்டா என்றால், உண்டு. நியூயார்க் நகரத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தபோது, ஒரு வகுப்பு மட்டத்தில் ஆசிரியர்கள் அதிகம் மாறினால் பிள்ளைகளின் மதிப்பெண் குறைகிறது என்று 2013இல் சொன்னார்கள். போகாமல் நின்ற ஆசிரியரின் பிள்ளைகளுக்கும் அந்தப் பாதிப்பு இருந்தது. உங்கள் யு.கே.ஜி. டீச்சரையும் கவனியுங்கள் மேடம். பக்கத்து வகுப்பில் ஆள் மாறும்போதெல்லாம் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்தானே.

நம் ஊர் விஷயம் ஒன்று. 2009 வாக்கில் எட்டு நாடுகளில் பிறந்த பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வில் நம் வேலூரும் ஒரு இடம். 'மால்-எட்' என்பார்கள், இங்கே சி.எம்.சி. மருத்துவமனை செய்தது. பிள்ளையின் அறிவு வளர்ச்சியோடு ரத்தத்தில் இரும்புச் சத்தும் வீட்டுச் சூழலும் சேர்ந்து வருவதைப் பார்த்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூடியில் சோறு போட்ட டீச்சர் செய்ததும் படிப்பு வேலைதான். அதைத் தனியாகக் கருணை என்று வைக்க வேண்டாம்.

பால்வாடி அம்மா (அணைக்கட்டு) எழுதியது:

கண்ணு, நான் ஆராய்ச்சி படித்தவள் இல்லை. மலையடிவாரத்தில் ஒரே ஊரில் 31 வருஷம் அங்கன்வாடியில் இருந்து 2019இல் ஓய்வு பெற்றேன். என் பேத்திதான் இதை டைப் அடிக்கிறாள்.

எனக்கு வேறு ஊர் கேட்டு வாங்க இரண்டு தடவை வழி இருந்தது. போகவில்லை. காரணம் என் ஆயா. நானும் அந்த அம்மாவும் 22 வருஷம். காலையில் நான் வரும்முன் கதவைத் திறந்து, தண்ணீர் பிடித்து, முட்டையை எண்ணி வைத்திருப்பாள். பிள்ளை அழுதால் என்னிடம் கேட்காமல் தூக்கிக்கொள்வாள். நான் ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டு இருந்தால் அவளே பாட்டுப் பாடிப் பிள்ளைகளைப் பிடித்து வைப்பாள். சம்பளம் எனக்கும் கொஞ்சம்தான், அவளுக்கு அதைவிடக் கொஞ்சம். அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போய் மூன்று மாதம் நான் தனியாக இருந்தேன். அந்த மூன்று மாதத்தில்தான் வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

எடை பார்க்கணும், வரைபடம் போடணும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கணும், போலியோ சொட்டு, வாக்காளர் பட்டியல் எல்லாம் எங்கள் தலையில். பாட்டும் கதையும் மிச்சம் இருக்கிற நேரத்தில். எங்களை 'பால்வாடி ஆயா' என்று சொன்னவர்கள் உண்டு. 2022இல் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிக்காரர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொன்ன அன்று, அது எனக்குக் கிடைக்காது என்றாலும் கண்ணில் தண்ணீர் வந்தது. நாங்கள் செய்தது வேலை என்று ஒருவர் சொன்னார்களே என்று.

2019இல் நடுநிலைப் பள்ளிகளோடு சேர்ந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். நல்ல டீச்சர்களை அனுப்பினார்கள். 2022இல் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பிறகு மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிகமாக ஆள் போட்டார்கள். அந்த டீச்சர் பெண்கள் பாவம், பிள்ளைகளும் பாவம். அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாதவள் எப்படி மனசு வைப்பாள்?

உனக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளூர்ப் பெண்ணை எடு. நடந்து வருகிற தூரத்தில் வீடு இருக்கணும். கல்யாணம் ஆகி அந்த ஊருக்கே வந்த மருமகளாக இருந்தால் இன்னும் நல்லது, அவள் பிள்ளையும் உன் பள்ளியிலேயே ஃபீஸ் இல்லாமல் படிக்கட்டும். கம்பெனி பஸ் ஏழு மணிக்குப் போய் ராத்திரி ஏழரைக்குத்தான் வரும். பிள்ளை வைத்திருக்கிறவளுக்கு அந்த நேரம் சரிப்படாது. உன் பலம் அதில்தான் இருக்கிறது.

கவுண்டன்யா கரை மறுபடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். என்னிடம் ஏழு டீச்சர். எல்.கே.ஜி. டீச்சருக்கு மட்டும் கோடைச் சம்பளம் கொடுத்தால் மற்ற ஆறு பேர் முகத்தை எப்படிப் பார்ப்பது? எல்லோருக்கும் 8,500 வீதம் இரண்டு மாதம் என்றால் 1,19,000 ரூபாய். 140 பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு வருஷம் 850, மாதம் 71 ரூபாய். மாதம் 71 ரூபாய் எங்கள் பெற்றோருக்குச் சின்னத் தொகை இல்லை. பாதிச் சம்பளம் என்று வைத்தால் 35 ரூபாய். அதைப் பெற்றோர் கூட்டத்தில் நேராகவே கேட்கப் போகிறேன், எதற்கு என்று காரணத்தையும் சொல்லி. அந்தப் பையனின் அம்மாவே எழுந்து பேசுகிறேன் என்கிறார்.

ஆயாவுக்கு வழி கிடைத்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா, கண் பார்வை குறைந்து பீடி சுற்ற முடியவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பார்வை போதும், வீடும் நடக்கிற தூரம். திங்கட்கிழமை முதல் வருகிறார். அட்மிஷனுக்கு இனி டீச்சர்களை அனுப்ப மாட்டேன், நானும் என் வீட்டுக்காரரும் போகிறோம். ஆம்பூர் தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்த அன்றே வகுப்பறைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து டீச்சர்களுக்குத் தனி பாத்ரூம் கட்டக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். இத்தனை வருஷம் இது என் கண்ணில் படவில்லை.

அப்புறம், போன டீச்சரின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். திரும்பி வரச் சொல்லிக் கேட்கவில்லை. 24 பிள்ளைகளைப் பற்றியும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். காபி போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சொன்னார், புது டீச்சர் எழுதிக்கொண்டார். ஒரு பிள்ளைக்கு மழை இடி பயம். ஒரு பிள்ளை அப்பா கத்தாரில், வெள்ளிக்கிழமை போன் வரும், வியாழக்கிழமை தூங்காது. இரட்டைப் பிள்ளைகளில் மூத்தது சொன்னால்தான் இளையது செய்யும். பத்தொன்பதாவது பிள்ளையைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது, கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

அந்த நோட்டு இப்போது வகுப்பு அலமாரியில் இருக்கிறது. இன்னும் ஒரு சந்தேகம். வர்ஜீனியாவில் செய்த மாதிரி, இருந்தால் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும்போது, நடுவில் பிரசவத்துக்குப் போகிறவர்களை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது? சின்னப் பள்ளியில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். யு.கே.ஜி. டீச்சருக்கு ஆறு மாதம்.